மடி மாறிய பிள்ளை

எஸ்தரின் கைப்பேசியில் அந்தப் படம் வந்தபோது அவள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து யாரோ ஒருவருடைய குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணும்போது கூப்பிட்டால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். சென்னையில் அந்த ஆய்வுக்கூடத்துக்கே அது தெரியும், கைப்பேசிக்குத்தான் தெரியாது. சலித்துக்கொண்டே எடுத்துப் பார்த்தாள். கல்வராயன் மலையிலிருந்து சின்னப்பொண்ணு அனுப்பியிருந்தாள். அவளுடைய குழந்தை தேவதர்ஷினி புதுச் சட்டையும் கன்னத்தில் பெரிய மைப்பொட்டுமாக, முளைத்த நாலு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. கூடவே ஒரு குரல் செய்தி.

"மேடம், பாப்பாவுக்கு ஒரு கண்ணு மட்டும் பூனக்கண்ணு மாதிரி மின்னுது. போட்டோவுலதான் அப்பிடித் தெரியுதா, இல்ல இன்னான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

எஸ்தர் படத்தைப் பெரிதாக்கினாள். ஃப்ளாஷ் வெளிச்சத்தில் கண்ணின் கருமணி சிவப்பாகத் தெரிவதுதான் வழக்கம். இடது கண் அப்படித்தான் இருந்தது. வலது கண்ணில் வெள்ளையாக ஒன்று பளிச்சென்று தெரிந்தது. அந்த வெள்ளையைத்தான் அவள் இத்தனை வருடமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறாள். அது கண்ணுக்குள் வளரும் புற்று. இன்னும் பேச்சு வராத சின்னப் பிள்ளைகளைத்தான் அது தேடிப் பிடிக்கும். விட்டுவிட்டால் நரம்பு வழியாக மூளைக்குப் போகும்.

கரியாலூரைத் தாண்டி, பஸ் திரும்பும் இடத்திலிருந்து மேலே ஏறினால் வரும் சின்ன ஊரில் அம்மாசி என்பவரின் குடும்பம் இருந்தது. மரவள்ளியும் சாமையும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். அம்மாசியின் இரண்டு பையன்கள் கண்ணில் இந்தப் புற்று வந்து செத்தார்கள். அவர் தம்பி வீட்டில் ஒன்று, அதற்கு முந்தைய தலைமுறையிலும் சிலது. ஊர் அதை அம்மாசி வூட்டு நோய் என்றே சொன்னது. எஸ்தர் மலையேறி வந்து அந்த வீட்டு ஆட்கள் எல்லோரிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டு போய்ச் சாயமேற்றிப் பார்த்தாள். ஆளுக்கு இருபத்து மூன்று ஜோடி குரோமோசோம் இருக்கும். அம்மாசிக்குப் பதின்மூன்றாம் ஜோடியில் ஒன்றிலிருந்து ஒரு துண்டு கழன்று, மூன்றாம் ஜோடியில் ஒன்றில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணில் புற்று வளராமல் அடக்கிவைக்கிற மரபணு அந்தத் துண்டில்தான் இருக்கிறது.

இதை ஊரைக் கூட்டி அவள் சேலையை வைத்து விளக்கினாள். ஒரு சேலையின் முந்தானையை வெட்டி இன்னொரு சேலையில் தைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சேலையும் ஒரே பெட்டியில் இருக்கிறவரைக்கும் துணி குறையாது. அதனால்தான் அம்மாசிக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்போதுதான் வம்பு. முந்தானை போன சேலை மட்டும் எந்தப் பிள்ளைக்குப் போகிறதோ அந்தப் பிள்ளைக்கு நோய் வரும். பெண்கள் இதைச் சட்டென்று புரிந்துகொண்டார்கள். அதன் பிறகு அம்மாசியின் வம்சத்தில் எந்தக் குழந்தை பிறந்தாலும் மாதா மாதம் கீழே கொண்டுவந்து கண்ணைக் காட்டினார்கள். அவர் தம்பி பேரனுக்குக் கடுகளவில் இருக்கும்போதே கண்டுபிடித்து லேசர் வைத்துப் பொசுக்கியாயிற்று. அவன் இரண்டு கண்ணோடும் மரம் ஏறிக்கொண்டு திரிகிறான். எஸ்தருக்கு அதில் பெருமைதான். யாருக்குத்தான் இருக்காது.

ஆனால் சின்னப்பொண்ணு அந்த வம்சமே இல்லை. அவள் பச்சையம்மாளின் ஒரே மகள். பச்சையம்மாள், அம்மாசியின் செத்துப்போன மனைவிக்கு அக்கா. கீழ்ச்சேரியில் தனியாக இருந்தாள். மனைவி வழி உறவுக்கும் அம்மாசியின் ரத்தத்துக்கும் சம்பந்தம் கிடையாது. எஸ்தர் வரைந்து வைத்திருந்த வம்சப் படத்தில், ஆணுக்குச் சதுரமும் பெண்ணுக்கு வட்டமுமாக நிறைந்திருந்த அந்தப் பெரிய தாளில், சின்னப்பொண்ணுக்கு ஒரு வட்டம்கூட இல்லை.

இந்தக் குழந்தை வயிற்றில் இருக்கும்போது சின்னப்பொண்ணு, ரத்தம் கொடுக்க வந்தவர்களோடு வரிசையில் வந்து உட்கார்ந்தாள். ஜாக்கெட் கையைச் சுருட்டிவிட்டு எஸ்தரிடம் கையை நீட்டினாள்.

"உனக்கு எதுக்கும்மா? உனக்கு அந்த ரத்தமே கெடையாதே" என்றாள் எஸ்தர்.

"இருந்தாலும் ஒரு தபா பாத்துடுங்க மேடம்."

"இது தொத்து நோய் இல்ல. உங்க சித்தப்பா வூட்டு நோய் உன்ன எப்பிடிப் புடிக்கும்? ஒண்ணும் பயப்படாத. போயி நல்லா சாப்புடு."

சின்னப்பொண்ணு கொஞ்ச நேரம் நீட்டிய கையை மடக்காமலே இருந்தாள். அப்புறம் சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். கள்ளக்குறிச்சிப் பக்கம் களமருதூரில் பிறந்து வளர்ந்த எஸ்தருக்கு இந்தப் பக்கத்து உறவுமுறையெல்லாம் அத்துப்படி. வெளியூர் டாக்டர்கள் சித்தப்பா யார் பெரியப்பா யார் என்று திணறும்போது அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் இளக்காரம்.

படம் வந்த வாரமே சின்னப்பொண்ணையும் அவள் புருஷன் இளமாறனையும் குழந்தையோடு சென்னைக்கு வரவழைத்தாள். இளமாறன் பெங்களூரில் டைல்ஸ் வேலையில் இருந்தவன், அப்படியே பஸ் ஏறி வந்தான். துணைக்குப் பச்சையம்மாளும் வந்தாள். கண் டாக்டர்கள் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். வலது கண் முழுக்க நிறைந்து, பின்னால் நரம்பில் இறங்கியிருந்தது. இடது கண்ணிலும் இரண்டு சின்னப் புள்ளிகள். வலது கண்ணை எடுத்தார்கள். இனி ஆறு மாதம் மருந்து ஏற்ற வேண்டும், அதற்குப் பிறகும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். எஸ்தரைத் தனியாகக் கூப்பிட்டு, நூறு பிள்ளைகளில் பத்துப் பிழைத்தால் பெரிது என்றும் சொன்னார்கள்.

எஸ்தர் தாயிடமும் பிள்ளையிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டாள். எங்கோ இருபதாயிரத்தில் ஒரு குழந்தைக்கு வம்சத்தில் இல்லாமலே இது வரும், இதுவும் அப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செல்களை வளர்த்து, கண்ணாடிச் சில்லில் சொட்டி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். சின்னப்பொண்ணின் மூன்றாம் குரோமோசோமில் அந்த ஒட்டு இருந்தது. பட்டை பட்டையாக, அதே இடத்தில், அதே அளவில். அம்மாசியின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே தேவையில்லை. அந்த ஒட்டை அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைவாள். குழந்தைக்கு முந்தானை போன சேலை வந்திருந்தது. ரத்தம் பிடித்த சோதனைக்குழாய் மாறிப்போயிருக்கக்கூடாதா என்று ஏங்கினாள். மறுபடி எடுத்து மறுபடி பார்த்தாள். மாறவில்லை.

சின்னப்பொண்ணு அம்மாசியின் ரத்தம். அன்றைக்கு நீட்டிய கையில் ஊசி போட்டிருந்தால் குழந்தையைப் பிறந்த நாளிலிருந்து பார்த்திருப்பார்கள். எஸ்தர் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

வார்டில் பச்சையம்மாள் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கண்ண எடுத்தாச்சி. போதும்மா. அந்த மருந்த ஏத்தி ஏத்திப் பக்கத்துப் படுக்கைப் புள்ள எலும்பும் தோலுமா கெடக்குது. இது இன்னா அம்மாசி வூட்டு நோயா, தொரத்திக்கினு வர்றதுக்கு? நீங்கதான சொன்னீங்க, எங்களுக்கு அந்த ரத்தமே இல்லன்னு."

இளமாறனும் தலையாட்டினான். சின்னப்பொண்ணு மட்டும் குழந்தையின் கட்டுப் போட்ட கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எஸ்தருக்கு உண்மை வாய் வரை வந்துவிட்டது. ஆனால் தான் சொன்னால் பச்சையம்மாள் ஒப்புக்கொள்ள மாட்டாள். மிஷின் பொய் சொல்லுது என்று அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். இதைச் சொல்ல வேண்டிய வாய் மலை மேல் இருந்தது. இரண்டு நாள் பொறுங்கள் என்று கெஞ்சிவிட்டு எஸ்தர் கள்ளக்குறிச்சிக்குப் புறப்பட்டாள்.

அம்மாசி கொல்லையில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தார். எஸ்தர் மூச்சு வாங்க வந்து வரப்பில் நின்றாள்.

"அண்ணே, சின்னப்பொண்ணு யாருங்க?"

"பச்சையம்மா பொண்ணு."

"பெத்தது யாருங்க?"

அவர் பிடுங்கிய கிழங்கிலிருந்து மண்ணைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். மண்ணெல்லாம் போன பிறகும் தட்டினார். அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்தால், அடுத்துப் பிறப்பதைத் தீட்டுக் கழிந்த உடனே குலசாமி கல்லுக்கு முன்னால் கொண்டுபோவார்கள். பெற்றவள் அதை ஒரு படிச் சாமையோடு இன்னொருத்தி மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை யாருக்குப் பிறந்தது என்று யாரும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் சாவுக்கு வழி தெரிந்துவிடும். மடி மாற்றுவது என்று இதற்குப் பேர்.

"ரெண்டு பசங்கள மண்ணுல வெச்சிட்டேன்" என்றார் அம்மாசி. "மூணாவது இது பொறந்திச்சி. என் வூட்டு வாசல் அதுக்குத் தெரியும் டாக்டரம்மா, தேடிக்கினு வந்துடும். அதான் பச்சையம்மா மடிக்கு மாத்தினோம். இத்தினி வருசம் அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவல பாருங்க. அது ஏமாந்து போச்சி."

"ஏமாந்தது நானுங்க" என்றாள் எஸ்தர். "எத்தினி தபா ஒங்க வூட்டுக்கு வந்தேன், எத்தினி தபா கேட்டேன், ஒனக்கு எத்தினி புள்ளன்னு?" மரியாதை நழுவியதை அவள் கவனிக்கவில்லை.

"கேட்டீங்க. வாயத் தொறந்து சொன்னா அதுக்கும் கேக்குமே."

எஸ்தருக்கு அந்த ஆளைப் பிடித்து உலுக்கலாம்போல் இருந்தது. தன்னையும் சேர்த்துத்தான். களமருதூரிலேயே அக்காள் வீட்டில் வளர்ந்த தங்கச்சி பிள்ளைகள் எத்தனை பேரை அவளுக்குத் தெரியும். இவன் எனக்கு மகன் என்று சொன்னால், பெற்ற மகனா என்று எந்தத் தமிழன் திருப்பிக் கேட்பான்? அதைக் கேட்பது பண்பில்லை என்று அவளும் கேட்காமல் விட்டிருந்தாள். வெளியூர் டாக்டராக இருந்தால் வெட்கமில்லாமல் கேட்டிருப்பான்.

வார்டில் நடப்பதை எல்லாம் சொன்னாள். மூட்டை கட்டியாயிற்று, மருந்து ஏற்றாமல் கொண்டுபோனால் பிள்ளை தங்காது, நீங்கள் வந்து சொன்னால்தான் நிற்பார்கள் என்றாள்.

அம்மாசி நெடுநேரம் குலசாமி கல் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வந்து சொன்னா புள்ள பொழச்சிக்குமா?"

நூற்றில் பத்து. வழி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம், முயற்சி செய்யலாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவர் அசைய மாட்டார் என்று எஸ்தருக்குத் தெரிந்தது.

"பொழச்சிக்கும்" என்றாள்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு, குலசாமி கல்லுக்குப் போய் முதுகைக் காட்டி நின்று ஏதோ முணுமுணுத்துவிட்டு, அதே வேட்டியோடு அவளுடன் மலை இறங்கினார்.

வார்டில் நுழைந்ததும் அவர் கட்டில் பக்கம் போகவில்லை. கதவோரத்திலேயே நின்று, தரையைப் பார்த்தபடி சொன்னார். "சின்னப்பொண்ணு, ஒன்ன நாந்தான் பெத்தேன்மா. எங்க வூட்டு நோய்தான் இது. டாக்டரம்மா சொல்றபடி கேளு."

பச்சையம்மாள் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இளமாறன் ஒன்றும் புரியாமல் மாமியாரையும் அம்மாசியையும் மாறி மாறிப் பார்த்தான். சின்னப்பொண்ணு அசையவில்லை.

"தெரியும்" என்றாள்.

பச்சையம்மாள் தலையில் அடித்துக்கொண்ட கையை நிறுத்தினாள்.

"ஊருல ஒருத்தரும் சொல்லல. சித்தி சாவறப்ப என் கைய வுடவே இல்ல. அப்பத் தெரிஞ்சிக்கினேன்." அவள் எஸ்தர் பக்கம் திரும்பினாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "நானே வாயால சொன்னா எங்கம்மாவுக்கு ஆவாது மேடம். அதான் ஒண்ணும் சொல்லாம கைய நீட்டினேன். நீங்க அந்த ரத்தமே கெடையாதுன்னீங்க. இவ்ளோ பெரிய டாக்டரே சொல்றாங்களே, மடி மாத்தினது பலிச்சிடுச்சி, ரத்தமே மாறிப்போச்சின்னு சந்தோசமா போனேன்."

எஸ்தருக்கு அந்த இடத்திலேயே செத்துப்போனால் தேவலை என்று இருந்தது.

"இப்ப நான் யாருடி ஒனக்கு?" என்று தரையிலிருந்து கேட்டாள் பச்சையம்மாள்.

"நீ போயி பாப்பாவுக்குப் பால் வாங்கினு வா. சக்கர கம்மியா போடச் சொல்லு" என்றாள் சின்னப்பொண்ணு. பச்சையம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போனாள்.

அவர்கள் தங்கினார்கள். மருந்து ஏற்றினார்கள். குழந்தைக்கு முடி கொட்டியது, வாயெல்லாம் புண்ணாயிற்று, குடித்த பால் வெளியே வந்தது. இடது கண்ணில் இருந்த புள்ளிகள் கரைந்தன. அதைப் பார்த்து எஸ்தர் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தாள். அம்மாசியைப் போனில் கூப்பிட்டு அதையும் சொன்னாள். கார்த்திகை மாதத்தில் குழந்தைக்கு வலிப்பு வந்தது. முதுகுத்தண்டு நீரில் புற்றுச் செல்கள் இருந்தன. அதற்குப் பிறகு டாக்டர்கள் வலிக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். ஒரு விடியற்காலையில் தேவதர்ஷினி செத்துப்போனது. சின்னப்பொண்ணு அதைத் துணியில் சுற்றி, கள்ளக்குறிச்சி வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

காரியம் முடிந்த பிறகு எஸ்தர் மலைக்கு வந்தாள். சின்னப்பொண்ணு புருஷனோடு பெங்களூருக்குப் போய்விட்டிருந்தாள். பச்சையம்மாள் கதவைத் திறக்கவில்லை. அம்மாசி கொல்லையில் இருந்தார். பிடுங்காத மரவள்ளி காய்ந்து நின்றது. துக்கம் கேட்டுவிட்டுத் திரும்பிப்போக எஸ்தருக்கும் ஆசைதான். ஆனால் அவள் இன்னொரு காரியத்துக்கும் வந்திருந்தாள். வகையறா வழக்கம் என்று அவர் சொன்ன நாளிலிருந்து அது அவளைத் தூங்கவிடவில்லை.

"அண்ணே, மடி மாத்தினது சின்னப்பொண்ணு ஒண்ணுதானா? ஒங்க அப்பா காலத்துல, ஒங்க தம்பி வூட்டுல, வேற யாராவது இருக்காங்களா?"

அவர் காய்ந்த மரவள்ளிக் குச்சி ஒன்றை ஒடித்துப் போட்டார்.

"அவங்களுக்கும் கொழந்த பொறக்கும்ணே. பொறந்த ஒடனே பாத்தா காப்பாத்திடலாம். தம்பி பேரன் பொழச்சான்ல? பேர மட்டும் சொல்லுங்க. நான் வேற ஒருத்தர் காதுலயும் போட மாட்டேன்."

"பொழச்சிக்கும்னு சொன்னீங்க" என்றார் அம்மாசி.

எஸ்தர் தோளில் இருந்த பையை இறக்கி வரப்பில் வைத்தாள்.

"வாய மூடிக்கினு இருந்தவரைக்கும் எம் பொண்ணு நல்லா இருந்திச்சி, புள்ள பெத்துது, சிரிச்சிக்கினு இருந்திச்சி. ஒங்க பேச்சக் கேட்டு வாயத் தொறந்தேன். சாமி கல்லுக்கு முதுகக் காட்டிட்டு வந்து சொன்னேன். ஆறு மாசங்கூடத் தாங்கல."

"நீங்க சொன்னதால இல்லங்க. அது முன்னாடியே மூளைக்குப் போற வழியில இருந்திச்சி. எனக்கு அப்பவே தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அவர் முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் திட்டுக்கூட இல்லை. ஒரு பொருளை வாங்காமல் திருப்பி வைக்கிறவர் பார்வை அது.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர் மலைச் சரிவில் சின்னச் சின்னதாக நாலைந்து ஊர்கள் தெரிந்தன. அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இருக்குதுங்க" என்றார். "நல்லா இருக்குதுங்க, புள்ளகுட்டியோட. அதுங்களாவது நல்லா இருக்கட்டும். நீங்க போய்ட்டு வாங்க டாக்டரம்மா."

எஸ்தர் அதற்கு மேலும் கெஞ்சிப் பார்த்தாள். அழுதும் பார்த்தாள். அவர் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது. அடுத்த நிறுத்தத்தில் ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எஸ்தர் தன்னை அறியாமல் குனிந்து அந்தக் குழந்தையின் கண்ணை உற்று உற்றுப் பார்த்தாள். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டாள். அந்தப் பெண் முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு, இடம் மாறி முன் சீட்டுக்குப் போய்விட்டாள். மலை இறங்கும்வரை பஸ் நின்ற ஊரிலெல்லாம் இடுப்பில் பிள்ளையோடு யாராவது ஒருத்தி ஏறினாள்.